பக்கத்து வயலில் ட்ரோன் தெளித்த மருந்து என் வயலில் விழுந்தது. யாரிடம் முறையிடுவது?

கன்னடியன்கால் | ஜனவரி 4, இரவு 8.40

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு ஓர் ஏக்கர் இருபது சென்ட் இருக்கிறது. ரசாயனம் இல்லாமல் கருப்புக் கவுனி போட்டு வருகிறேன். ஆண்டுப் பயிருக்கு இயற்கைச் சான்று வாங்க இரண்டு ஆண்டு மாற்றக்காலம் காத்திருக்க வேண்டும். அதைப் பொறுமையாக முடித்து, சான்றோடு அறுக்கப்போகும் முதல் பிசானப் பருவ நெல் இதுதான்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மடை பார்க்கப் போனேன். வடகிழக்கே, வரப்பை ஒட்டிய வயலில் ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து. மார்கழி வாடை அந்த வயலிலிருந்து என் வயலுக்கு நேராக வீசிக்கொண்டிருந்தது. இயந்திரம் வரப்போரம் வந்து திரும்பும்போதெல்லாம் அதன் அடியில் புகைபோல வெண்மையாக எழுந்து, சாய்ந்து, என் பயிர்மேல் படிந்தது. பனியில் நனைந்த நெல் தோகையில் எதுவும் தெரியவில்லை. வரப்பில் நட்டிருந்த தட்டைப்பயற்றின் இலையில்தான் தெரிந்தது. நரைத்த சிறு புள்ளிகள். தொட்டால் பிசுபிசுப்பு. முகர்ந்தால் மருந்து வாடை. மத்தியானம் மறுபடி போய் நின்றேன். வரப்பிலிருந்து ஏழெட்டு அடி உள்ளே வரை தட்டான் ஒன்றுகூட இல்லை. சிலந்திகள் தண்ணீரில் மிதந்தன.

ட்ரோன் ஓட்டிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். சான்றிதழைக் காட்டினான், இயந்திரத்தின் பதிவெண்ணைக் காட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். முதல் இடத்தில் "ட்ரோன் விமானத் துறையைச் சேர்ந்தது" என்றார்கள். இரண்டாவது இடத்தில் "யாருக்காவது அடிபட்டதா, இயந்திரம் விழுந்ததா" என்று கேட்டு, இல்லை என்றதும் எழுதிக்கொள்ளவில்லை. மூன்றாவது இடத்தில், இப்படி ஒன்று நடக்கப்போவதாகத் தங்களுக்கே தெரியாது என்றார்கள்.

2021 ட்ரோன் விதிகளை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். எத்தனை கிலோ, எத்தனை அடி உயரம், விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வானத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருக்கிறார்கள். கீழே நிற்கும் என்னைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வரப்புக்காரன் | ஜனவரி 4, இரவு 9.15

அண்ணாச்சி, படிக்கும்போதே வயிறு எரிகிறது. கேரளத்துக் காசர்கோட்டை நாம் மறக்கக் கூடாது. அங்கே அரசு முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அது நடந்தது. 2011இல் உச்சநீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடைவிதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட 2017 ஆகிவிட்டது. அதற்குள் ஒரு தலைமுறையே முடங்கிப்போனது. ஐரோப்பிய ஒன்றியம் 2009லேயே வானிலிருந்து மருந்து தெளிப்பதைப் பொதுவாகத் தடைசெய்து, விதிவிலக்குக்கு மட்டும் வழி வைத்தது. நாம் மானியம் கொடுத்து வரவேற்கிறோம். தாமிரபரணிப் பாசனத்தில் ட்ரோன் மருந்தடிப்பையே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

---

முக்கூடல்வானம் | ஜனவரி 4, இரவு 10.02

அண்ணாச்சி, உங்களுக்கு நடந்தது தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் ட்ரோன் ஓட்டுகிறவள். எங்கள் மகளிர் குழுவுக்கு ஒன்றிய அரசின் ட்ரோன் சகோதரி திட்டத்தில் இயந்திரம் கிடைத்தது. விலையில் 80 சதவீதம், உச்சவரம்பு 8 லட்சம் ரூபாய் வரை மானியம், மீதி கடன். பதினைந்து நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் பறக்கவிட, பத்து நாள் உரமும் மருந்தும் தெளிக்க.

நிறுத்திவிட வேண்டும் என்று எழுதியிருக்கும் அண்ணனிடம் ஒன்று கேட்கிறேன். நிறுத்தினால் மருந்து நின்றுவிடுமா? மறுபடியும் ஒருவர் முதுகில் ஏறும். என் அப்பா முப்பது ஆண்டு கைத்தெளிப்பான் சுமந்தவர். சட்டையைக் கழற்றினால் இடது தோளில் பட்டை அறுத்த தழும்பு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். மருந்தடித்துவிட்டு வந்த இரவில் அவர் கையில் சோறு நிற்காது, பருக்கை சிந்தும், அம்மா ஊட்டிவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இன்று நான் வரப்பில், காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு ஒரு ஏக்கரைப் பத்து நிமிடத்தில் முடிக்கிறேன். என் கை நடுங்கவில்லை.

ஆனால் காற்று அடிக்கும்போது நான் பறக்கவிடுவதில்லை. கூலி போனாலும் போகட்டும் என்று திரும்பி வந்த நாட்கள் உண்டு. அன்றைக்கு வந்த பையனுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஏக்கர் என்று முதலாளி கணக்கு வைத்திருப்பார். வாடகை நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களின் நிலைமை பெரும்பாலும் அதுதான்.

---

அம்பைப்பழையவர் | ஜனவரி 5, காலை 6.20

வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசர்கோடு வேறு, இது வேறு. அது மரத்தின் உச்சிக்கு மேல் ஹெலிகாப்டர். இது பயிருக்கு மேல் ஆள் உயரம். ஜப்பானில் யமஹா நிறுவனத்தின் ஆளில்லா ஹெலிகாப்டர்கள் நெல் வயலில் மருந்து தெளிக்கத் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. எனவே கருவியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிடுகிறீர்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீர் கலப்போம். ட்ரோனில் 10 லிட்டர். மருந்தின் அளவு அதேதான். அப்படியானால் கலவையின் காரம் இருபது மடங்கு. துளியும் பொடி. காரமான பொடித்துளி வாடைக்காற்றில் பறந்தால் தட்டான் எப்படி இருக்கும்?

2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் ட்ரோனில் மருந்து தெளிப்பதற்கென்றே செயல்முறை நெறிகள் வெளியிட்டது. தெளிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே ஊராட்சி அல்லது வேளாண் அலுவலர் வழியாகச் சுற்றுப்புறத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இலக்கல்லாத பயிருக்கு இடைவெளி விட வேண்டும் என்றும் இருக்கிறது. கன்னடியன்கால் கேட்ட "கீழே நிற்கும் மனிதன்" அங்கேதான் இருக்கிறார், விமான விதியில் இல்லை. ஆனால் அது நெறிமுறை. மீறினால் யார் என்ன தண்டனை கொடுப்பது என்று கேட்டால் வாயடைத்துப்போகும்.

மருந்து அனுமதியும் அப்படித்தான் வந்தது. பூச்சிமருந்துச் சட்டம் 1968ஆம் ஆண்டினுடையது. எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு தண்ணீரில் என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனியாகப் பதிவு வேண்டும். ட்ரோன் வந்தபோது அப்படி ஒவ்வொன்றாக ஆராய்ந்து கொடுக்க நேரமில்லை என்று, 2022 ஏப்ரலில் 477 மருந்துகளுக்கு இரண்டு ஆண்டு இடைக்கால அனுமதியை மொத்தமாகக் கொடுத்தார்கள். அன்றைக்கே எனக்கு அது உறுத்தியது. கையால் தெளிக்கும்போது பாதுகாப்பு என்று உறுதிசெய்த மருந்து, இருபது மடங்கு காரத்தில் வேறு மருந்துதான்.

---

கன்னடியன்கால் | ஜனவரி 5, காலை 7.05

ஐயா, 24 மணி நேர அறிவிப்பு என்று ஒன்று இருக்கிறது என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும். முதல் நாள் சொல்லியிருந்தால் வரப்போரம் மூன்று பக்கமும் பழைய சேலை கட்டி மறைத்திருப்பேன். அதுவும் முடியாவிட்டால், நாளை காற்று தணியட்டும் என்று பக்கத்து வயல்காரரின் கையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். எங்களுக்குள் பகை கிடையாது.

முக்கூடல் தங்கச்சி, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். ட்ரோனை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

ராதாபுரம்மேற்கு | ஜனவரி 5, மதியம் 1.30

உங்களுக்கு ட்ரோன் வந்ததால் துன்பம், எங்களுக்கு வராததால் துன்பம். திசைக்கு ஒன்றாகத் தடைசெய்த இடங்கள் இருக்கும் வட்டாரம் எங்களுடையது. தெற்கே கூடங்குளம் அணுமின் நிலையம். மேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். வடக்கே விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு என்றால் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது. நாட்டின் பாதுகாப்புக்கு அது வேண்டியதுதான், மறுக்கவில்லை.

ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது, பச்சை எங்கே தொடங்குகிறது என்று என் முருங்கைத் தோட்டத்தில் நின்று பார்த்து எனக்கு விளங்கவில்லை. மூன்று வாடகைக்காரர்களைக் கூப்பிட்டேன். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே "அந்தப் பக்கம் வேண்டாம் அண்ணாச்சி, வம்பு" என்று வைத்துவிட்டார்கள். என் தோட்டம் பச்சையிலேயே இருக்கலாம். சர்வே எண்ணைச் சொன்னால் "இங்கே பறக்கலாம், இங்கே கூடாது" என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க ஆள் இருந்தால் போதும். மருந்தடிக்க ஆள் தேடி நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். உள்ளூரில் இப்போது கைத்தெளிப்பான் தூக்க இரண்டே பேர். ஒருவருக்கு வயது அறுபத்தெட்டு.

---

பாளைவழக்கு | ஜனவரி 5, இரவு 9.48

சட்டம் படித்தவன் என்ற முறையில், கொஞ்சம் நீளமாக.

ஒன்றிய அரசு இந்த விதிகளை அடிக்கடி மாற்றியிருக்கிறது. அதில் நல்லதும் நடந்தது. 2021 மார்ச்சில் முதலில் கொண்டுவந்தது மிகக் கடுமை. ஐந்தே மாதத்தில், ஆகஸ்ட் 25 அன்று, அதை எடுத்துவிட்டு இப்போதைய விதிகளைக் கொண்டுவந்தார்கள். 25 படிவம் 5 ஆயிற்று, 72 வகைக் கட்டணம் 4 ஆயிற்று. விமான நிலையத்தைச் சுற்றி, அனுமதி வாங்கிப் பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் 45 கிலோமீட்டரிலிருந்து 12 ஆகச் சுருங்கியது. அதனால்தான் வாகைக்குளம் விமான நிலையம் பக்கத்தில் இருந்தும் பாளையங்கோட்டை வட்டாரத்தில் இன்று ட்ரோன் பறக்கிறது. இளைஞர்கள் தொழில் தொடங்க இந்தத் தளர்வு உதவியது. அதை நான் குறை சொல்லவில்லை.

கன்னடியன்கால் அவர்களுக்கு உதவக்கூடிய இடம் ஒன்று அதே விதிகளில் இருக்கிறது. 250 கிராமுக்கு மேற்பட்ட எல்லா ட்ரோனுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடு வேண்டும். உயிருக்கோ சொத்துக்கோ சேதம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தைத் தக்க மாற்றங்களோடு பொருத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். பயிர் சொத்துதான். ஆனால் பஸ் மோதினால் யார் மோதியது என்பதில் குழப்பம் இல்லை. இங்கே இயந்திரம் உங்கள் வயலுக்குள் வரவே இல்லை, அதன் தொட்டியிலிருந்த துளிதான் வந்தது. அது "ட்ரோனால் நேர்ந்த சேதம்" ஆகுமா? காப்பீட்டு நிறுவனம் ஆகாது என்றுதான் வாதாடும். ஆகும் என்று நான் வாதாடுவேன்.

2025 செப்டம்பரில் சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டார்கள். விதியாக இருந்ததைச் சட்டமாக்கும் முயற்சி. சிறைத் தண்டனை வரை அதில் இருக்கிறது. கருத்துச் சொல்ல முதலில் கொடுத்த கெடு அந்த மாதம் 30ஆம் தேதி. நம் பக்கம் பிசானத்துக்கு நாற்றங்கால் தயாராகும் நேரம். வரப்பில் நிற்கிறவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்பார்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ட்ரோன் செய்கிறவர்கள் சங்கம் வைத்துப் பேசுகிறார்கள், அது அவர்கள் உரிமை. துளி விழும் வயலின் சொந்தக்காரரைக் கூப்பிட்டு யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விமானமும் வான்வழியும் அரசியலமைப்பில் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் வேளாண்மையும் பயிர்ப் பூச்சிப் பாதுகாப்பும் மாநிலப் பட்டியலில், 14ஆம் பதிவில் இருக்கின்றன. ட்ரோன் பறப்பதைச் சென்னை கட்டுப்படுத்த முடியாமல் இருக்கலாம். தெளிப்பதற்கு முன் யாருக்குச் சொல்ல வேண்டும், எவ்வளவு வரப்போரம் விட வேண்டும், சேதத்தை யார் வந்து பார்த்து எழுத வேண்டும் என்று மாநில அரசு விதி செய்வதில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாடு ட்ரோனுக்கென்றே தனி அரசு நிறுவனம் வைத்திருக்கிறது. அந்த அக்கறையில் ஒரு பங்கு வரப்புக்கும் வர வேண்டும்.

---

வரப்புக்காரன் | ஜனவரி 5, இரவு 10.30

முக்கூடல் சகோதரி எழுதியதைப் படித்த பிறகு "நிறுத்த வேண்டும்" என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். என் சித்தப்பாவும் மருந்தடித்தே நோய்ப்பட்டவர். அதை நினைக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் அறிவிப்பு என்பதை ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். அது கோப்பில் தூங்கும். முன்பெல்லாம் தண்டோரா போடுவார்கள். 2022இல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது சரியான முடிவு, பறையடிக்கிறவர்களை இழிவாக நடத்திய வழக்கம் அது. ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்றார்கள். எங்கள் ஊரில் அதுவும் இல்லை. வயல்காட்டில் யார் எந்த வயல், யாருடைய மடை எது என்று தெரிந்தவர் நீர்பாய்ச்சி ஒருவர்தான். தண்ணீர் முறை வருவதை வீடு வீடாகச் சொல்கிறவர் இதையும் சொல்லட்டும், அதற்கு ட்ரோன்காரர் அவருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கட்டும்.

---

முக்கூடல்வானம் | ஜனவரி 6, காலை 5.50

நீர்பாய்ச்சி வழியாகச் சொல்வது நல்ல யோசனை. நான் கொடுக்கத் தயார்.

ஓட்டுகிறவள் என்ற முறையில் இன்னொன்று. இயந்திரம் போன வழி, உயரம், எந்த நிமிடம் குழாய் திறந்தது, எத்தனை லிட்டர் போனது எல்லாம் கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவாகியிருக்கும். என்னுடையதில் போன கார் நெல் பருவத்துப் பதிவுகள்கூட அப்படியே இருக்கின்றன. பக்கத்து வயல்காரர் கேட்டால் நான் காட்டிவிடுவேன். ஆனால் காட்டத்தான் வேண்டும் என்று எனக்கு யாரும் பயிற்சியில் சொல்லவில்லை. அண்ணாச்சி, அந்தப் பையனின் நிறுவனத்திடம் வியாழக்கிழமைப் பதிவை எழுத்து மூலமாகக் கேளுங்கள். அழிந்துவிடுவதற்கு முன் கேளுங்கள்.

விதியைத் திருத்த முடியாது என்றும் நினைக்காதீர்கள். சான்றிதழுக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்று முன்பு வைத்திருந்தார்கள். கிராமத்துப் பெண் எத்தனை பேரிடம் கடவுச்சீட்டு இருக்கும்? 2023 செப்டம்பரில் அதை மாற்றி, வாக்காளர் அட்டையோ ரேஷன் கார்டோ ஓட்டுநர் உரிமமோ போதும் என்றார்கள். எங்கள் குழுவில் ஒருத்தியிடமும் கடவுச்சீட்டு கிடையாது. அந்தத் திருத்தம் வந்திராவிட்டால் நான் இன்று ட்ரோன் ஓட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

---

அம்பைப்பழையவர் | ஜனவரி 6, காலை 8.15

பதிவைக் கேட்பதோடு நீங்களும் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். துளி பட்டால் நீலமாக மாறும் மஞ்சள் தாள் உண்டு, தெளிப்பு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது. வரப்பில் குச்சி நட்டு, பயிர் உயரத்தில், ஐந்தடிக்கு ஒன்றாகச் செருகுங்கள். பனிக்கும் அது நீலமாகும். ஆகவே விடியற்காலையில் வைக்காமல், தெளிப்பு தொடங்கும்போது வைத்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். துளி எவ்வளவு தூரம் வந்தது என்பது யார் வாதமும் இல்லாமல் தாளிலேயே தெரியும். இப்போது நடந்ததற்கு, வரப்போரப் பயிரையும் உள்ளே தள்ளி உள்ள பயிரையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனிப் பையில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நச்சு எச்ச ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நாள் தள்ளாதீர்கள், எச்சம் நாளுக்கு நாள் குறையும். சான்று கொடுத்தவர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

---

கன்னடியன்கால் | ஜனவரி 11, இரவு 8.10

எல்லோருக்கும் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

மாதிரிகளைக் கோவைக்கு அனுப்பிவிட்டேன், முடிவு வரவில்லை. சான்று அலுவலகத்துக்கு எழுதினேன். வரப்பிலிருந்து பத்தடி அகலத்துக்கு விளைவதைத் தனியாக அறுத்து, சாதாரண நெல்லாக விற்றுவிட மனதைத் தயார்படுத்திக்கொண்டேன். பறப்புப் பதிவு கேட்டு வாடகை நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போயிருக்கிறது. பாளைவழக்கு அதைத் திருத்தித் தந்தார்.

ஜனவரி 26 கிராமசபைக்கு ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். நீர்பாய்ச்சி வழியாக 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு, காற்று வீசும் பக்கத்தில் ரசாயனமில்லாத வயல் இருந்தால் வரப்போரத்தை மட்டும் கைத்தெளிப்பானில் முடிப்பது, பறப்புப் பதிவின் நகலைப் பக்கத்து வயல்காரருக்குக் கொடுப்பது. கைத்தெளிப்பான் என்று எழுதும்போது முக்கூடல் தங்கச்சியின் அப்பா நினைவுக்கு வந்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, "வரப்போரத்தைக் காற்று தணிந்த வேறொரு நாளில் தெளிப்பது" என்று மாற்றினேன். கிராமசபைத் தீர்மானம் விமானச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று தெரியும். மாவட்ட ஆட்சியருக்கும் வேளாண் துறைக்கும் அனுப்ப எங்கள் ஊரின் எழுத்து ஒன்று கையில் இருக்க வேண்டும். ராதாபுரம் அண்ணாச்சி, சர்வே எண் சீட்டு பற்றி நீங்கள் சொன்னதையும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சபையிலும் வையுங்கள்.

அந்த மஞ்சள் தாள் யாரிடமாவது இருந்தால் எனக்கு இருபது வேண்டும். அடுத்த தெளிப்பு பதினெட்டாம் தேதி என்று பக்கத்து வயல்காரர் இன்று காலை என் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.